வாளிச் சீட்டு

சொட்டு எண்ணுவதுதான் அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அதன் கீழே நீல வாளி. மகள் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து மேடைமேல் வைத்தாள், குழாயைத் தொடவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“எண்ணுங்கப்பா. சரின்னதும் ஆரம்பிங்க. போதும்னதும் நிறுத்திடுங்க.”

“குழாயை ரிப்பேர் பண்ண வந்தியா, எனக்குப் பரீட்சை வைக்க வந்தியா?”

“அளக்காம எதுலயும் கை வைக்கக் கூடாதுப்பா.”

“ஆமாமா, டாக்டருங்களும் இதைத்தான் சொல்றாங்க. டெஸ்ட்டு இப்பவே, வைத்தியம் எப்பவோ.”

“சரி. எண்ணுங்க.”

அவர் குனிந்து, விரலை ஆட்டி ஆட்டி எண்ணினார். கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. மூக்கில் உட்காரும் குட்டி ரப்பர் ஒரு பக்கம் விழுந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒரு நிமிடத்துக்கு நாற்பது சொட்டு. மகள் மனக்கணக்குப் போட்டாள்.

“இருபது சொட்டு ஒரு மில்லி. நிமிஷத்துக்கு ரெண்டு மில்லி. வாளி பதினஞ்சு லிட்டர். நூத்தி இருபத்தஞ்சு மணி நேரம். அஞ்சு நாள், அஞ்சு மணி. சொட்டுதானேன்னு சும்மா விட்டுடாதீங்க. அஞ்சே நாள்ல வாளி வழிஞ்சிடும்.”

அப்பா நிமிர்ந்தார்.

“இன்னொரு தடவை சொல்லு.”

“எதை? கணக்கையா?”

“கணக்கு வேணாம். கடைசியாச் சொன்னியே, அதை.”

அவள் சொன்னாள். அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, ஜன்னலோரம் கிடந்த மின்கட்டண ரசீதின் வெற்றுப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். அவர் இப்படி எழுதிக்கொள்வது அந்த வீட்டில் புதிதில்லை. அவள் கண்டுகொள்ளவில்லை.

பழைய வாஷர் காய்ந்த தோல் மாதிரி சுருங்கியிருந்தது. புதிதைப் போட்டு முடுக்கியபோது மணி பத்து ஐம்பத்தைந்து. பதினொன்றுக்கு அவள் கிளம்ப வேண்டும்.

“டீ போடறேன், இரு. பால் வாங்கி வச்சிருக்கேன்.”

“அடுத்த வாரம் குடிக்கறேன்ப்பா. மதியம் ஷிப்ட்.”

வாசல்வரை வந்தார். “குழாய் இனிமே ஒழுகாதில்ல?”

“ஒழுகவே ஒழுகாது.”

“அதுவும் சரிதான்” என்றார். நல்ல செய்தி கேட்டவர் முகமாக அது இல்லை. அதை அவள் அப்புறம்தான் யோசித்தாள். எல்லாவற்றையும் அப்புறம்தான் யோசித்தாள்.

அப்பாவின் வேலை என்ன என்று யாராவது கேட்டால், சின்ன வயதில் அவளுக்குப் பதில் சொல்ல வராது. சீட்டு எழுதுகிறார் என்பாள். பள்ளியில் சிரிப்பார்கள்.

ஆங்கில மரபுத்தொடர்களுக்குத் தமிழில் பொருளும் பயன்பாடும் சொல்லும் ஒரு கையேடு. அதைப் போடும் பதிப்பகம் ஒரு காகிதக் கடையின் மாடியில், இரண்டு அறைகளில் இருந்தது. நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பதிப்பு வரும். ஒவ்வொரு தொடருக்கும் மூன்று உதாரண வாக்கியம் வேண்டும். அந்த வாக்கியங்களை எழுதித் தருவதுதான் அப்பாவின் வேலை. முப்பத்தோரு ஆண்டுகள். கால் தாள் அளவுச் சீட்டு ஒவ்வொன்றிலும் தொடர், பொருள், பயன்பாடு, ஒரு வாக்கியம். முத்து முத்தான கையெழுத்து.

அந்த ஆபீஸில் ஒரு விதி இருந்தது. வாக்கியத்தைக் கற்பனை செய்யக் கூடாது. எங்கேயாவது, யாராவது, யாரிடமாவது உண்மையில் சொன்னதாக இருக்க வேண்டும். சீட்டின் பின்பக்கத்தில் நான்கு வரி: சொன்னவர், கேட்டவர், இடம், நாள். முன்பக்கம் அச்சுக்குப் போகும். பின்பக்கம் ஆபீஸோடு நின்றுவிடும். ‘ராமன் பழம் தின்றான்’ என்கிற ரகத்து உதாரணங்களைக் கண்டால் கையேட்டின் ஆசிரியருக்கு மேலெல்லாம் எரியும்.

இன்னொரு விதியும் உண்டு. கொடுத்த சீட்டைத் திரும்ப வாங்க வேண்டுமானால் எழுதியவரே நேரில் வரவேண்டும். வரும்போது பதில் சீட்டோடு வரவேண்டும். ஒருமுறை யாரோ ஃபோனில் சொல்ல, இங்கே வேறெதையோ கிழித்துப்போட, ‘கோபம்’ பகுதியில் ஒரு தொடர் உதாரணமே இல்லாமல் மொட்டையாக அச்சாகிவிட்டது. அன்றையிலிருந்து ஃபோன் பேச்சுக்கு இடமில்லை.

ஆக, வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் அச்சேறும் ஆபத்து இருந்தது. “எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். ஈரத் துண்டைக் கட்டில் மேல போட்டீங்களே, இதை மட்டும் பொறுக்க மாட்டேன்” என்று அம்மா ஒருநாள் கத்தியது அடுத்த பதிப்பில் வந்துவிட்டது. அம்மா ஒரு நாள் முழுக்க அவரிடம் பேசவில்லை. மறுநாளிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் புத்தகத்தைப் பிரித்து நீட்டினாள். “நாப்பத்திரண்டாம் பக்கத்தைப் பாருங்க. நான்தான்.”

வீட்டில் சீட்டுகள் செருப்புப் பெட்டிகளில் இருந்தன. பெட்டிக்கு ஒரு பொருள்: கோபம், பேராசை, அவசரம். எல்லாவற்றிலும் கனமானது ‘போதாமை’. அந்தப் பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் அப்பா முனகுவார். “மனுஷனுக்கு இருக்குன்னு சொல்ல ரெண்டு வார்த்தை போதும். இல்லைன்னு சொல்லத்தான் இத்தனை வேணும்.”

அந்தப் பெட்டிக்குள் அவர் பார்த்த வித்தியாசங்கள் நுணுக்கமானவை. ‘ஃபால் ஷார்ட்’ என்றால் குறிவரை போய் எட்டாமல் நின்றுவிடுவது. ‘டூ லிட்டில், டூ லேட்’ என்றால் கொடுத்ததும் குறைவு, கொடுத்த வேளையும் கடந்துவிட்டது. ‘எ டிராப் இன் தி பக்கெட்’, வாளியில் ஒரு துளி, என்றால் பெரிய தேவைக்கு முன்னால் காணாமல் போகிற சின்ன உதவி. வெறுமனே கொஞ்சம் என்பதற்கு அதைச் சொல்லக் கூடாது. பக்கத்தில் அந்தப் பெரிய தேவை நிற்க வேண்டும். இப்படிச் சாப்பிடும்போது விளக்கிக்கொண்டே போவார்.

“உப்பு பத்தலைங்கறதுக்கு எதைச் சொல்லணும்?” என்பாள் அம்மா.

“உப்பு பத்தலைன்னே சொல்லலாம்.”

“அப்போ சொல்லிட்டேன். எழுந்து எடுத்துட்டு வாங்க.”

இந்த வீட்டில் பிறந்த பெண் வார்த்தைப் பக்கமே போகவில்லை. அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். எடைக்கற்கள், அழுத்தமானிகள், வெப்பமானிகள். கருவி காட்டும் அளவுக்கும் உண்மை அளவுக்கும் இடையில் எவ்வளவு பிழை என்று கண்டு பதிவேட்டில் எழுதுவது அவள் வேலை. அப்பாவுக்குப் பெருமை. “நானும் அதைத்தான் பண்றேன். என்கிட்ட தராசு இல்லை, அவ்வளவுதான்” என்பார்.

இரண்டு ஆண்டுக்கு முன் அம்மா போனாள். அப்பா தனியானார். மகள் நகரத்தின் மறுகோடியில், இரண்டு பேருந்து மாறி வரவேண்டிய தூரத்தில் இருந்தாள். ஞாயிறுதோறும் வருவாள். மருந்து, மளிகை, ஏதாவது ரிப்பேர். அரை மணி நேரம். அதற்குமேல் உட்கார்ந்தால் ஷிப்ட் தவறிவிடும். எங்கூட வந்து இருங்க என்று இரண்டு தரம் சொன்னாள். “இத்தனை பெட்டியை எங்கே வைப்பே?” என்றார். மூன்றாம் தரம் அவள் சொல்லவில்லை.

மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள் ஒருநாள் அவளைப் படிக்கட்டில் நிறுத்தி விசாரித்தாள். “ஏம்மா, உங்கப்பா நாள் முழுக்க மேஜைல தனியா உக்காந்து சீட்டாடறாரே. கூட ஆட ஆள் இல்லையா?”

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்பாவிடம் சொன்னபோது அவரும் சிரித்தார். “ஆள் இல்லைங்கறது சரிதானே” என்றார். அதற்கும் சேர்த்துத்தான் அவள் சிரித்தாள்.

குழாய் ரிப்பேர் ஆன அந்த வாரம், வியாழக்கிழமை. சரிபார்ப்புக் கூடத்துக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. வெளியே பெட்டியில் போட்டுப் பூட்ட வேண்டும். மதியம் சாப்பிட வந்து எடுத்துப் பார்த்தாள். மாடியம்மாவிடமிருந்து ஒன்பது அழைப்புகள். காலையில் அப்பா கண்ணாடிக் கடைக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். அடுத்து ஆபீஸ் போகணும், கொஞ்சம் மூச்சு வாங்குது, உக்காந்துட்டுக் கிளம்பறேன் என்று படிக்கட்டில் மாடியம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் அரை மணி கழித்து எட்டிப் பார்த்தபோது நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தாராம். செருப்பைக்கூடக் கழற்றவில்லையாம்.

ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொடுத்தார்கள். உள்ளே பேனா, கண்ணாடி, நாலாக மடித்த மின்கட்டண ரசீது. கண்ணாடியில் இரண்டு பக்கமும் புது ரப்பர். ரசீதின் வெற்றுப் பக்கத்தில் மேலே அவள் ஞாயிற்றுக்கிழமை சொன்ன வாக்கியம், சொன்னபடியே. அதன் கீழ்: சொன்னவர் மகள். கேட்டவர் நான். இடம் சமையலறை. ஞாயிறு, காலை 10.40. அதற்கும் கீழே ஒரு பட்டியல்:

1. கண்ணாடி ரப்பர்.
2. மாடி வீட்டுக்கு ஏணி திருப்பித் தரவேண்டும்.
3. ஆபீஸ். வாளிச் சீட்டைத் திரும்ப வாங்க வேண்டும். தவறு.

முதலாவதற்கு நேரே டிக் இருந்தது.

நடக்கவேண்டியது எல்லாம் நடந்து முடிந்தது. உறவுக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதைப் பார்த்தாலும் எண்ணிக்கொண்டிருந்தாள்: படிகள், ஜன்னல் கம்பிகள், பெட்டிகள். பெட்டிகள் இருபத்து மூன்று. சமையலறையில் உட்கார்ந்தால் குழாய்ச் சத்தம் இல்லை. சொன்னபடி அது ஒழுகவேயில்லை. பால் பொட்டலம் ஃபிரிட்ஜில் திரிந்துபோய்க் கிடந்தது.

பத்தாம் நாள் ஏணியை மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“இதுக்கு என்னம்மா அவசரம்? நீயே வச்சிருக்கலாமே.”

“எழுதி வச்சிருந்தார், ஆன்ட்டி.”

கீழே வந்து இரண்டாவதற்கு டிக் போட்டாள். மூன்றாவதைப் பார்த்தாள். அப்பா சீட்டில் தவறு என்றால் அது பெரிய விஷயம். முப்பத்தோரு ஆண்டில் அவர் திரும்ப வாங்கிய சீட்டுகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மறுநாளே கிளம்பினாள்.

காகிதக் கடை மாடியில் ஆசிரியர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அப்பாவைவிடப் பத்து வயது மூத்தவர். அச்சுக்குப் பக்கம் கட்டும் பெண் கணினி முன்னாலிருந்து நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, வியாழக்கிழமை வரேன்னு சொல்லியிருந்தார். மத்தியானம்வரைக்கும் பார்த்துட்டு, மழைன்னு வரலையோன்னு நினைச்சோம்.”

மகள் ரசீதை நீட்டினாள். ஆசிரியர் வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“வாளிச் சீட்டா?”

“என்ன தவறுன்னு பார்த்துச் சரி பண்ணிடலாம்னு வந்தேன்.”

அவர் உடனே எடுக்கவில்லை. “இன்னைக்கு நாலு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகுது. நீ பார்க்கத்தான் வேணுமா? நானே எடுத்துடறேன். வேற ரெண்டு உதாரணம் இருக்கு. அது போதும்.”

“பார்க்கணும்.”

சீட்டு வந்தது. அப்பாவின் கையெழுத்து. எ டிராப் இன் தி பக்கெட். பொருள். பயன்பாடு: துளியைப் பழிக்கும் தொடர் அல்ல, வாளியின் கொள்ளளவைச் சொல்வது. அதன் கீழ் வாக்கியம்.

*மனைவி போனபின் அவருக்கு வாரம் நீண்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து இருந்துவிட்டுப் போகும் அரை மணி நேரம் வாளியில் ஒரு துளி.*

அவள் திருப்பிப் பார்த்தாள்.

சொன்னவர்: நான். கேட்டவர்: யாரும் இல்லை. இடம்: சமையலறை. நாள்: எட்டு மாதத்துக்கு முந்தைய ஒரு ஞாயிறு.

காகிதக் கடையில் கீழே யாரோ வெட்டும் இயந்திரத்தை அழுத்தினார்கள். அவள் நின்றபடியே கணக்குப் போட்டாள். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. வாரத்துக்கு நூற்று அறுபத்தெட்டு மணி நேரம். அரை மணியாகப் பிரித்தால் முந்நூற்று முப்பத்தாறு. அதில் ஒன்று அவளுடையது. ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அவள் கூடத்தில் சாதாரணத் தராசு ஒன்றில் அந்த அளவு வித்தியாசம் வந்தால் பிழை என்றுகூடக் குறிக்க மாட்டார்கள். இல்லை என்று எழுதிவிட்டு அடுத்ததை எடுப்பார்கள்.

“இதுக்குப் பதில் சீட்டு எழுதத்தான் இந்த வாக்கியத்தைக் குறிச்சு வச்சிருக்கார்” என்றார் ஆசிரியர் ரசீதைக் காட்டி. “ஆனா இது இந்தத் தொடருக்கு உதாரணமா நிக்காதேம்மா. இது நேர் எதிரால்ல பேசுது. துளி விழுந்து விழுந்து வாளி நிறையுதுன்னு சொல்லுது.”

“அது அப்பாவுக்குத் தெரியாதா?”

“என்னைவிட நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் கொண்டு வந்திருப்பார். என்கிட்டச் சண்டை போட்டிருப்பார்.” ரசீதை மேஜைமேல் வைத்தார். “நான் தோத்துப்போயிருப்பேன்.”

மகள் சீட்டையும் ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அந்தக் குழாய் நிமிடத்துக்கு நாற்பது சொட்டு ஒழுகியது. அதனால் ஐந்து நாளில் நிறையும். அவள் வாரத்துக்கு ஒன்று. வாளிக்கு மூன்று லட்சம் சொட்டு வேண்டும். மூன்று லட்சம் வாரங்கள். ஐயாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் ஆண்டுகள். அதற்கு முன்னால் வாளி எத்தனையோ தரம் காய்ந்து போயிருக்கும். கணக்கு வேணாம் என்று அப்பா அன்றைக்குச் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. கணக்கை விட்டுவிட்டு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். எதையும் பொய்யாக எழுதாத மனிதர், அவளுக்காக ஒரு உண்மையைத் தவறு என்று எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

“எடுத்துட்டுப் போம்மா” என்றார் ஆசிரியர். “எழுதினவர் நேர்ல வரணும்னு விதி போட்டது நான்தான். உனக்காக நானே மீறிக்கறேன்.”

“வேண்டாம் சார். இருக்கட்டும்.”

“அக்கா, பின்பக்கம் அச்சுல வராதுதான்” என்று பக்கம் கட்டும் பெண் மெதுவாகச் சொன்னாள். “ஆனாலும் எதுக்குக்கா? உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?”

“இருக்கும்.”

“உங்கப்பாவே வேணாம்னுதானே...”

“அவர் வரலையே” என்றாள் அவள். “எங்க கூடத்துல ஒரு அளவு எடுத்து எழுதிட்டா, அப்புறம் மனசு கேக்கலைன்னு அழிக்கக் கூடாது. எழுதினப்போ அது சரியா இருந்தா, அது சரிதான். அப்பா சரியா அளந்திருக்கார்.”

சீட்டைப் பின்பக்கம் தெரிய மேஜைமேல் வைத்தாள்.

“ஒரு பேனா கொடுங்க. பின்பக்கத்துல ஒரு இடத்துல மட்டும் திருத்தணும். அச்சுக்கு அதால ஒண்ணும் ஆகாதில்ல?”

ஆசிரியர் தம் பேனாவைக் கொடுத்தார்.

பதிவேட்டில் திருத்துவதற்கு அவள் கூடத்தில் ஒரு முறை உண்டு. பழைய எழுத்தை அழிக்கக் கூடாது, மேலே கிறுக்கி மறைக்கவும் கூடாது. நடுவில் ஒரே ஒரு கோடு. பழையது தெரிய வேண்டும். பக்கத்தில் புதிது, கையொப்பம், திருத்திய நாள். ‘யாரும் இல்லை’ என்பதன் குறுக்கே அளவுகோல் வைத்த மாதிரி ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் ‘மகள்’ என்று எழுதினாள். கையொப்பம் போட்டு, திருத்திய தேதிக்கு வந்தாள். அவர் போய்ப் பதினோராம் நாள். அதைத்தான் எழுத வேண்டும், அதைத்தான் எழுதினாள்.

படியிறங்கி வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போகும் பேருந்து வந்தது, போனது. பையிலிருந்து ரசீதை எடுத்தாள். கண்ணாடி ரப்பருக்கு அப்பா போட்ட டிக். ஏணிக்கு அவள் போட்ட டிக். பேனா கையில் இருந்தது. ஆசிரியருடையது, திருப்பிக் கொடுக்க மறந்திருந்தாள். மூன்றாவது வரிக்கு நேரே அதைக் கொண்டுபோனாள்.

ஆபீஸ். வாளிச் சீட்டைத் திரும்ப வாங்க வேண்டும். தவறு.

டிக் போடாமலே பேனாவை மூடிவிட்டு ரசீதை இருந்த மடிப்பிலேயே மடித்தாள்.